மூன்றும் ஒரே ஜாடை, விலை மட்டும் இரு மடங்கு: சென்ஹைசர் எச்டி 600, 650, 660 எஸ்2 ஹெட்போன்கள், கேசட் வேலைக்கு எது?

மைதிலி, ஸ்ரீரங்கம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதும் முதல் கேள்வி இது. கொஞ்சம் நீளும். என்ன வேலைக்கு என்று சொல்லாமல் எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்டால் உங்களாலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா விட்டுச்சென்றவை 212 கேசட்டுகள். 1979 முதல் 1994 வரை அவரே நேரில் போய்ப் பதிவு செய்த கச்சேரிகள். திருச்சியின் சபாக்கள், எங்கள் தெருவின் நவராத்திரிப் பந்தல், தை மாதத்தில் திருவையாறு ஆராதனை. தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் கைப்பிடி வைத்த மோனோ டேப் ரெக்கார்டரும், ஈரிழைத் துண்டில் சுற்றிய சின்ன மைக்கும் இருக்கும். பாடுகிறவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வார். பிறகு முதல் வரிசை நாற்காலிகளுக்கு முன்னால் விரித்திருக்கும் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரெக்கார்டரை முழங்காலை ஒட்டி வைத்துக்கொள்வார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தீரப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

இவற்றைக் கணினியில் ஏற்றுவதை சென்ற ஆண்டு தொடங்கினேன். எல்லாமே 90 நிமிடக் கேசட்டுகள். 212-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 318 மணி நேரம். ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பதற்கே இவ்வளவு. ஒவ்வொரு மணிக்கும் சுத்தம் செய்ய இன்னும் இரண்டு மணி ஆகிறது. பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு வந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது. இதுவரை 38 முடித்திருக்கிறேன். ஆக, இன்னும் சில ஆண்டுகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரமாவது ஹெட்போன் என் தலையில்தான் இருக்கப்போகிறது.

இதுவரை வைத்திருந்தது காதை முழுக்க மூடும் ரகம். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. நான்காவது ஆண்டில் காது மெத்தையின் மேல்தோல் உரியத் தொடங்கியது. இரவில் கழற்றினால் காதோரத்திலும் கன்னத்திலும் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புச் செதில்கள். சேலையிலும் உதிரும். மாற்று மெத்தை கிடைக்கவில்லை. பிறகு இடது பக்கம் ஒயர் உள்ளே போகும் இடத்தில் அறுந்து, ஒயரைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் ஒலி வரும் என்றாகிவிட்டது. ஒயர் உள்ளே பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற முடியாது என்று பழுது பார்ப்பவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றதெல்லாம் நன்றாக இருக்க, ஓர் ஒயருக்காக முழுப் பொருளையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

இந்த முறை ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும் பொருளைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்படித் தேடியதில் இந்த மூன்றிடம் வந்து நின்றேன். எனக்குச் சொல்லப்பட்ட விலை: எச்டி 600 ஏறத்தாழ 27,000 ரூபாய், எச்டி 650 ஏறத்தாழ 36,000, எச்டி 660 எஸ்2 ஏறத்தாழ 52,000. மூன்றாவதின் விலையில் முதலாவதை ஏறத்தாழ இரண்டு வாங்கிவிடலாம். படத்தில் பார்த்தால் அக்காள் தங்கைகள்போல் மூன்றும் ஒரே ஜாடை. எடையும் 260 கிராம் அளவில்தான். மூன்றுக்கும் மின்தடை 300 ஓம். எந்த இடத்தில் 25,000 ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. படித்த விமர்சனங்களில் ஒருவர் 650-இல் திரை விழுந்ததுபோல் இருக்கிறது என்கிறார். இன்னொருவர் அதையே இதமான ஒலி என்று புகழ்கிறார். இரண்டு பேரும் கேட்டது என் அப்பாவின் கேசட்டை அல்ல.

எனக்கு என்ன தேவை என்பதைச் சொல்கிறேன். பாட்டு அழகாகக் கேட்க வேண்டும் என்பது இரண்டாம் பட்சம். கேசட்டில் இருப்பது இருக்கிறபடி கேட்க வேண்டும். நாடாவின் இரைச்சலுக்கு அடியில் தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். அந்தக் கால ரெக்கார்டர் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புராவும் இருமலும் திடீரென்று மேலே வரும். அவர் மறுபடி எடுத்ததும் அமுங்கிவிடும். அதை எங்கே சரிசெய்யலாம், எங்கே விட்டுவிடலாம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். நிறைய கேசட்டுகளில் மந்தமாக ஒரு ‘டொப்’ ஒலியும் வருகிறது. மைக்கை யாரோ இடிக்கிறார்களா, நாடாவில் பழுதா என்று தெரியவில்லை. அலைவடிவத்தில் சின்ன முள்போல் நிற்கும். இதுவரை பார்க்கும் இடத்திலெல்லாம் எடுத்துவிட்டேன்.

என் காதையும் சோதித்துப் பார்த்தேன். 12,000 ஹெர்ட்ஸ் கேட்கிறது, 13,000 கேட்கவில்லை. வயது 47. கழுத்து வலியும் உண்டு.

52,000 கொடுப்பது எனக்குச் சாதாரணமல்ல. ஆனால் அது இந்த வேலைக்குத் தேவை என்றால் கொடுத்துவிடுவேன். இவற்றைத் திரும்ப ஒருமுறை ஏற்ற எனக்கு ஆயுள் இருக்குமோ, நாடாவுக்கு ஆயுள் இருக்குமோ தெரியாது. எதை வாங்கலாம்?


இளங்கோ, கோவை

மைதிலி அக்கா, நான் 600-ஐயும் 660 எஸ்2-வையும் வைத்திருக்கிறேன். 650 என் நண்பனிடம் இருக்கிறது, அடிக்கடி மாற்றிக்கொள்வோம். அதனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்கிறேன்.

600 வந்தது 1997-இல். 650 வந்தது 2003-இல். 660 எஸ்2 வந்தது 2023-இல், அமெரிக்காவில் 599 டாலருக்கு. விலையில் ஒரு பகுதி, புதியது என்பதற்கான விலை. ஒலியில் என்ன வித்தியாசம் என்றால், 600-இல் பெண் குரலும் வயலினின் மேல் தந்தியும் ஒரு விரற்கடை முன்னால் நிற்கும். 650-இல் அந்த இடம் சற்றுப் பின்வாங்கி, அதற்குக் கீழே ஆண் குரலின் மார்பு ஒலி கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். அதை ஒருவர் திரை என்கிறார், ஒருவர் இதம் என்கிறார். 660 எஸ்2-வில் மட்டும் அடித்தளம், அதாவது ஆழ்ந்த அடி ஒலி, உண்மையிலேயே மாறியிருக்கிறது. அதிரும் சவ்வின் ஒத்ததிர்வை 110 ஹெர்ட்ஸிலிருந்து 70-க்கு இறக்கியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. கேட்டாலும் தெரிகிறது, 600-இல் அறைக்கு வெளியே நிற்கும் ஆழ்ந்த ஒலிகள் இதில் உள்ளே வந்துவிடுகின்றன.

நீங்கள் தேடும் பாக விஷயத்தில் மூன்றும் தங்கம். ஒயர் பிடுங்கி மாட்டும் வகை. மெத்தை, தலைப்பட்டையின் பஞ்சு, வெளிக் கம்பிவலை, ஏன், ஒலி எழுப்பும் டிரைவரைக்கூடக் கையால் கழற்றி மாட்டலாம். என் 600 வாங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மெத்தை மூன்று முறை மாற்றினேன், ஒயர் ஒரு முறை. உள்ளே இருப்பது அன்று வாங்கியதுதான்.

இரண்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிதில் மூன்றுமே நெற்றிப் பொட்டை இறுக்கிப் பிடிக்கும். நான் இரவில் நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதற்கு மாட்டி வைத்தேன். ஒரு வாரத்தில் இளகியது. அடுத்தது, மூன்றுமே பின்புறம் திறந்த வகை. மின்விசிறி ஓடுவதும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் உங்களுக்குக் கேட்கும். உங்கள் கச்சேரி அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் கோவைக்கு ஒருமுறை வர முடியுமா, அக்கா? மூன்றையும் மேசையில் வைக்கிறேன். உங்கள் கேசட்டையே கொண்டுவாருங்கள். நான் எழுதுவதைவிட அது பத்து மடங்கு மேல்.


நிரோஷன், டொராண்டோ

அக்கா, மூன்றையும் விட்டுவிட்டு ஹைஃபைமேன் சுந்தராவைப் பார்த்தீர்களா? பிளானர் வகை, அதாவது தட்டையான மெல்லிய சவ்வு முழுவதும் சேர்ந்து அதிரும் வகை. அடி ஒலி 600-ஐப்போல் கீழே போகப்போகச் சரியாமல் நேராகப் போகும். விலையும் 600-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். 660 எஸ்2-வின் அடித்தளத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. எடை மட்டும் 372 கிராம்.

இன்னொன்று. 650-ஐயே மாஸ்டிராப் என்ற இணையக் கடை 2016-இல் எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்று கருநீல நிறத்தில் 199 டாலருக்கு விற்றது. ஒயர் குட்டை, நிறம் வேறு, கேட்பதற்கு 650தான். என்னிடம் இருப்பது அதுதான். அதே ஒலியை அந்த விலைக்கு விற்க முடிந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் உறவினர் யாராவது வட அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்தால், யாரேனும் பயன்படுத்தியதை விற்கிறார்களா என்று இங்கே விசாரித்துப் பார்க்கலாம்.


பாலு, ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர்

அம்மா மைதிலி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாடாவோடு குடும்பம் நடத்தியவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அறையில் தொங்கியது மஞ்சள் பஞ்சு வைத்த சென்ஹைசர் எச்டி 414. 1968-இல் வந்த, பின்புறம் திறந்த ஹெட்போன்களுக்கெல்லாம் மூத்தது. அதில் கேட்டுத்தான் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் கேசட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அப்பா பதிவு செய்தது மோனோ. இடம் வலம் என்பதே அதில் கிடையாது. மேடை விரிந்து தெரிகிறது, வாத்தியங்கள் தனித்தனியாக நிற்கின்றன என்று விலை உயர்ந்த ஹெட்போன்களுக்குச் சொல்லப்படும் பெருமை எதுவும் இங்கே வேலைக்கு ஆகாது. எந்த ஹெட்போனில் போட்டாலும் பாடகர் உங்கள் நெற்றிக்கு நடுவில்தான் உட்காருவார்.

அடுத்தது அடி ஒலி. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய சட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடது பக்கத்தை, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே வைத்தால் 65. கச்சேரி மேடையில் அதற்குக் கீழே சங்கீதம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன மைக்கும் கைப்பிடி ரெக்கார்டரும் 65-ஐயே முழுசாகப் பிடித்திருக்காது. அதற்குக் கீழே உங்கள் கேசட்டில் இருக்கக்கூடியது 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம். 600-இல் அது மெலிந்து கேட்கும் என்பது உண்மை. அதற்குக் காது எதற்கு? எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைத் திறந்தால் 50-இலும் 100-இலும் ஒட்டடைக்கம்புபோல் நேர்கோடு நிற்கும். கண்ணால் பார்த்து எடுத்துவிடலாம். இடது உள்ளங்கையை அழுத்தி நகர்த்திக் கும்கி கொடுக்கும்போது தொப்பியின் நாதம் வளைந்து ஏறுமே, அது கேட்கிறதா என்று பாருங்கள். அது மூன்றிலும் கேட்கும்.

மேல் பக்கம் உங்கள் காது 12,000-இல் நிற்கிறது. வருந்த வேண்டாம், எனக்கு 8,000-தான். அந்தக் காலத்து ரெக்கார்டர் எழுதிவைத்ததும் அதற்கு மேல் பெரிதாகப் போயிருக்காது.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு செய்தி. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, ஒலி எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார். தொடர்பு இல்லை என்று 2017-இல் வெளியிட்டார். நீங்கள் கணக்கு ஆசிரியை, உங்களுக்கு இது பிடிக்கும் என்று சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபையர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டும். 300 ஓம் என்பதால் சத்தம் எழ மின்னழுத்தம் வேண்டும். 650-க்கு ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். கணினி அரை வோல்ட்தான் தருகிறது என்றால் ஆறு குறைந்து 97. மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில்தான். நன்றாகப் பதிவான பாட்டுக்கு அது தாராளம். பதிவே மெலிதாக இருக்கும் பழைய கேசட்டில், தம்புராவைத் தேடும்போது போதாமல் போகலாம். கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகும், ஒரு வோல்ட்டுக்கு மேல் தரக்கூடிய சின்ன யுஎஸ்பி இணைப்பான் ஒன்று போதும். பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்றால், கேசட்டை ஓட்டும் டெக்கில். ரப்பர் உருளை, பெல்ட் இரண்டையும் மாற்றுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துவிட்டு, ஹெட்டின் பக்கத்துத் திருகை மிக மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். உங்கள் அப்பாவின் ரெக்கார்டர் எந்தக் கோணத்தில் எழுதியதோ அந்தக் கோணம் அது. இந்தக் கால் திருகு செய்வதை 25,000 ரூபாய் செய்யாது.

கடைசியாக ஒன்று, இது என் மனதை உறுத்துகிறது. அந்த ‘டொப்’ ஒலியை ஏன் எடுக்கிறீர்கள்? என்ன ஒலி என்று தெரியாத ஒன்றை நாடாவிலிருந்து எடுக்கக் கூடாது. சுத்தம் செய்யாத மூலக் கோப்பைத் தனியாக வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றிலிருந்து வையுங்கள்.


மைதிலி, ஸ்ரீரங்கம்

பாலு ஐயா, மூலக் கோப்புகளை நான் வைத்திருக்கவில்லை. வட்டில் இடம் போதாது என்று, சுத்தம் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன். உங்கள் பதிலைப் படித்த அன்றே புதிய வட்டு வாங்கினேன். நிரோஷன், சுந்தரா நல்ல யோசனைதான்; ஆனால் 372 கிராமை என் கழுத்து இரண்டு மணி நேரம் தாங்காது. இளங்கோ தம்பி, காலாண்டு விடுமுறையில் நாத்தனார் வீட்டுக்கு வருகிறேன்.


மைதிலி, ஸ்ரீரங்கம்

கோவைக்குப் போய்வந்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

இளங்கோ வீட்டில் முதலில் ஒலி அளவைச் சமன் செய்தோம். சற்றுச் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அதை விட்டால் சோதனையே பொய் என்றார் அவர். தடித்த அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, அதில் கைபேசியின் மைக் பொருந்தும்படி வைத்து, அட்டையின் மேல் ஒவ்வொரு ஹெட்போனாகப் படியவைத்தோம். ஒரே இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, மூன்றும் ஒரே எண் காட்டும் இடங்களை ஆம்ப்ளிஃபையரின் குமிழில் பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

மூன்றும் ஒரே சட்டகம் என்பதால், கண்ணை மூடிக்கொண்டால் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று தலைக்குத் தெரியாது. இளங்கோவின் மனைவி மாட்டிவிட்டார். அவர் நாணயம் சுண்டி, தலையா பூவா பார்த்து மாற்றுவார். நான் எது என்று சொல்ல வேண்டும். 600-க்கும் 650-க்கும் பத்து முறையில் ஆறு சரி. வெறுமனே ஊகித்தாலே ஆறோ அதற்கு மேலோ வருவதற்கு 1024-இல் 386 வாய்ப்பு இருக்கிறது. ஆக, எனக்கு வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. 600-க்கும் 660 எஸ்2-வுக்கும் பத்தில் எட்டு. ஊகத்தில் எட்டோ அதற்கு மேலோ வர 1024-இல் 56 தான். அதனால் அங்கே ஏதோ கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். தொப்பி அடியில் கேட்டது, வேறு எங்கும் இல்லை.

பிறகு இளங்கோ 600-இன் தட்டையாகிப்போன பழைய மெத்தையைக் கழற்றிப் புதிய ஜோடியை மாட்டினார். அப்போது அதே 600-இல் கேட்ட மாற்றம், 600-க்கும் 650-க்கும் இடையில் நான் தேடிக்கொண்டிருந்ததைவிடப் பெரிது. பஞ்சு அமுங்கினால் காது டிரைவரின் அருகில் போய்விடுகிறது, ஒலியும் மாறிவிடுகிறது. மெத்தையைக் காலாகாலத்தில் மாற்றினாலே பாதி விஷயம் முடிந்துவிடும் என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்தது.

சோதனைக்கு நான் கொண்டுபோனது இன்னும் கை வைக்காத ஒரு கேசட். 1986, நவராத்திரி, எங்கள் தெருப் பந்தல். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ கேட்கும்போது, அந்த ‘டொப்’ வந்தது. என் பழைய ஹெட்போனில் அது மிருதங்கத்தின் அடியோடு குழம்பி எல்லாம் ஒரே முழக்கமாகத்தான் இருக்கும். இங்கே அது தனியாக நின்றது. சதையின் மேல் உள்ளங்கை விழும் ஒலி. அடுத்தது எப்போது வருகிறது என்று எண்ணினேன். நான்கு எண்ணிக்கை கழித்து ஒன்று. இரண்டு கழித்து ஒன்று. இன்னும் இரண்டு கழித்து ஒன்று. மறுபடி நான்கு. நான்கு, இரண்டு, இரண்டு. நான்கு, இரண்டு, இரண்டு. ஒன்றிலும் ஐந்திலும் ஏழிலும் தட்டு. நடுவில் விரல் எண்ணுவதும் கையைத் திருப்புவதும் சத்தமில்லாமல் நடக்கின்றன.

ஆதி தாளம். ரெக்கார்டரை முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு அப்பா தொடையில் தாளம் போடுகிறார்.

கண்ணைத் திறந்து, எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். 600. உடனே 650-இலும் 660 எஸ்2-விலும் அதே இடத்தைப் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் கேட்டது. பல்லவியில் பாடகர் ஓர் இடத்தில் சற்று இழுக்க, அப்பாவின் தட்டு நிற்காமல் தன் இடத்தில் விழுகிறது. பிறகு பாடகர் வந்து சேர்ந்துகொள்கிறார். இளங்கோவின் மனைவி சங்கீதம் கற்றவர். அவரும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் தொடையில் கூடவே போட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் அம்மா, தாளம்தான் என்றார்.

38 கேசட்டுகளில் நான் இதைத் தேடித்தேடி எடுத்திருக்கிறேன்.

எச்டி 600 வாங்கிவிட்டேன். கூடவே இன்னொரு ஜோடி மெத்தையும், பாலு ஐயா சொன்ன சின்ன யுஎஸ்பி இணைப்பானும். எல்லாம் சேர்த்தும் 650-இன் விலையைத் தொடவில்லை. மிச்சப் பணத்தில் டெக்கின் பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றக் கொடுத்தேன், நேற்று வந்தது. திருகாணியைத் திருப்பும் இடத்தில் ‘ச’ திறப்பதையும் பார்த்துவிட்டேன், ஐயா. முதல் இரண்டு நாட்கள் ஹெட்போன் பொட்டை அழுத்தியது. இப்போது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் ஐந்தை அடுக்கி அதற்கு மாட்டி வைத்திருக்கிறேன்.

அந்த 38-ஐயும் முதலிலிருந்து ஏற்றுகிறேன். 57 மணி நேரம். நேற்று இரவு முதல் கேசட்டின் முதல் பக்கம் முடிந்தது.

பாலு ஐயா, ஒரு சந்தேகம். இரைச்சலைக் குறைக்கும்போது இந்தத் தட்டும் சேர்ந்து மெலிகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் குறைக்க வழி உண்டா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.


பாலு, ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர்

உண்டு அம்மா. அப்பா தாளம் போடாத இடமாகப் பார்த்து, வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு விநாடியை மாதிரியாக எடுங்கள். கச்சேரி தொடங்குமுன் சுருதி சேர்க்கும் நேரம் வேண்டாம், அதில் தம்புரா இருக்கும். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகு கிடைக்கும். குறைப்பதை ஆறு டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். முடிந்தால் அந்த 1986 கேசட்டின் மூலத்திலிருந்து ஐந்து நிமிடம் எனக்கு அனுப்புங்கள். நானும் கேட்க வேண்டும்.